குராசான் என்பது எந்த ஊர்? (குரோசாணி ஓமத்தில் தொடங்கிய இழை)

கடைத்திண்ணை

எங்கள் அப்பா பல ஆண்டுகளாக நாட்டுமருந்துக் கடை நடத்துகிறார். சென்ற வாரம் சரக்குக் கணக்கெடுக்க உட்கார்ந்தபோது ஒரு தகர டப்பாவில் 'குரோசாணி ஓமம்' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கும் பெயர்தான். கோரோசனையோடு ஏதோ தொடர்பு இருக்கும் என்று இவ்வளவு நாள் நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "கோரோசனை மாட்டின் பித்தப்பையில் கிடைப்பது. இது குராசான் தேசத்து ஓமம்" என்றார். அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "பாரசீகத்துப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, தூதுவளைப் பொடி கேட்டு வந்தவரிடம் திரும்பிவிட்டார்.

வரைபடத்தைப் பார்த்தால் ஈரானில் மூன்று குராசான்கள் இருக்கின்றன: வட குராசான், ரசவி குராசான், தென் குராசான். செய்தித்தாளில் ஆப்கானிஸ்தான் குண்டுவெடிப்புச் செய்தி வந்தால் அங்கே ஒரு குராசான். பழைய வரலாற்று நூல்களில் மெர்வ் நகரம் குராசானின் தலைநகர் என்று இருக்கிறது. அதுவோ இன்று துர்க்மேனிஸ்தானில். உண்மையில் குராசான் எது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புறவழி

இதில் என்ன குழப்பம்? குராசான் என்பது ஆப்கானிஸ்தானின் பழைய பெயர். ஈரானிடம் மிஞ்சியிருப்பது அதன் ஒரு மூலை மட்டுமே.

நிலப்படம்

புறவழி அவர்களே, மூலை என்று சொல்லும் அந்தப் பகுதியில்தான் நிஷாப்பூர், தூஸ் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. கவிஞர் உமர் கய்யாம் பிறந்த ஊரையும் 'ஷாநாமா' காவியம் பாடிய ஃபிர்தௌசி பிறந்த ஊரையும் மூலையில் தள்ளிவிட்டால் பிறகு குராசானில் மிச்சம் என்ன?

கேள்வி கேட்டவருக்கு வருகிறேன். முப்பது ஆண்டு பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். எல்லைக்கோடு இல்லாமல் எதையும் புரிந்துகொள்ள முடியாத பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் குராசானுக்குக் கோடு போட உட்கார்ந்தால் பென்சில்தான் தேயும்.

இடைக்கால அரபு, பாரசீகப் புவியியலாளர்கள் குராசானை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருநகரம்: நிஷாப்பூர், மெர்வ், ஹெராத், பல்க். இன்றைய நாட்டுக் கணக்கில் முதலாவது ஈரானில், இரண்டாவது துர்க்மேனிஸ்தானில், மற்ற இரண்டும் ஆப்கானிஸ்தானில். ஆமு தரியா ஆற்றுக்கு அப்பால் இருந்த புகாராவையும் சமர்கந்தையும் அரபியர்கள் 'ஆற்றுக்கு அப்பால்' என்று பொருள்படும் வேறு பெயரில் அழைத்தார்கள். ஆனால் உமையாக் கலீஃபாக்கள் காலத்தில் அந்த ஊர்களும் மெர்வில் இருந்த குராசான் ஆளுநரின் கீழேயே வந்தன. 705 முதல் 715 வரை ஆளுநராக இருந்த குத்தைபா இப்னு முஸ்லிம் புகாராவையும் சமர்கந்தையும் பிடித்தது அந்தப் பதவியில் இருந்துகொண்டுதான். ஆகவே வரி வாங்கும்போது ஆறு எல்லை இல்லை. புத்தகம் எழுதும்போது ஆறு எல்லை.

ஈரானின் மூன்று குராசான்கள் அண்மைக்காலத்தவை. 2004 வரை ஒரே மாகாணமாக இருந்ததை மஷ்ஹத், போஜ்னூர்த், பீர்ஜந்த் ஆகியவற்றைத் தலைநகர்களாக வைத்து மூன்றாகப் பிரித்தார்கள்.

சொல்வேர்

நிலப்படம் ஐயா எல்லையில் நிற்கிறார். நான் சொல்லுக்குள் போகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீக மொழியான நடுப் பாரசீகத்தில் இந்தப் பெயர் 'க்வராசான்'. 'க்வர்' என்றால் சூரியன். 'ஆசான்' என்பது வருதல் என்ற பொருளுள்ள பழைய வினையிலிருந்து வருகிறது. நம் ஆசானுக்கும் இதற்கும் உறவில்லை. யாரும் கட்டுரை எழுதத் தொடங்கிவிட வேண்டாம். சூரியன் வரும் இடம், அதாவது கீழ்த்திசை. இது இன்றைய மொழியியலாளர்கள் மட்டும் கண்டுபிடித்துச் சொன்னது அல்ல. 11ஆம் நூற்றாண்டில் 'வீஸும் ராமீனும்' என்ற காதல் காவியத்தைப் பாடிய குர்கானி, கதையை நிறுத்திவிட்டு இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்கிறார். பஹ்லவி, அதாவது நடுப் பாரசீக மொழி அறிந்தவருக்குக் குராசான் என்பது சூரியன் வரும் இடம், ஈராக்குக்கும் பார்ஸுக்கும் சூரியன் அங்கிருந்துதான் எழுகிறது என்கிறார். அவர் காலத்திலேயே 'ஆசத்' என்ற பழைய வினை வழக்கொழிந்துவிட்டது. அதனால்தான் அதற்கு 'ஆயத்' என்று நடப்பு மொழியில் பொருளும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் 'க்வர்' நமக்கு அந்நியமும் அல்ல. வடமொழியில் 'ஸ்வர்' என்று இருப்பது ஈரானிய மொழிகளில் 'ஹ்வர்' ஆகி, பாரசீகத்தில் 'க்வர்' ஆகிறது. நாம் எடுத்துக்கொண்ட 'சுவர்க்கம்' அந்த ஸ்வரிலிருந்து வந்தது. குராசானும் சுவர்க்கமும் ஒருவழியில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அங்கே இப்போது வாழ்பவர்களிடம் இதைச் சொன்னால் என்ன நினைப்பார்களோ!

பொய் விளக்கங்களும் உண்டு. 13ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் யாக்கூத் சூரிய விளக்கத்தைச் சொல்லிவிட்டு, 'கஷ்டமில்லாமல் சாப்பிடு' என்று பிரித்துப் பொருள் சொல்வோரும் இருப்பதாக எழுதுகிறார். பாரசீகத்தில் 'குர்' என்றால் தின், 'ஆசான்' என்றால் எளிது. செழிப்பான நாடு, ஆகவே எளிதாகச் சாப்பிடலாம்! நோவாவின் வம்சத்தில் குராசான் என்று ஒருவர் இருந்தார், அவர் பெயரே நாட்டுக்கு வந்தது என்ற கதையும் அவரிடம் இருக்கிறது. ஊருக்குப் பெயர்க்காரணம் தெரியாவிட்டால் அந்தப் பெயரில் ஒரு முன்னோரைப் பிறக்கவைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வேலைதான்.

கடைத்திண்ணை

அருமை. ஒரு சந்தேகம். 'கிழக்கு' என்பது யாருக்குக் கிழக்கு? அங்கே வாழ்கிறவனுக்குத் தன் ஊர் கிழக்காகத் தெரியாதே.

சொல்வேர்

கேட்க வேண்டிய கேள்வி. ஈரானின் பிசித்தூன் மலையில் பாரசீகப் பேரரசர் முதலாம் தாரயவுஷ் (டேரியஸ்) தன் நாடுகளைப் பட்டியலிட்டுக் கல்லில் வெட்டிவைத்தார், கி.மு. 520ஐ ஒட்டிய காலம். பார்த்தியா இருக்கிறது, ஹெராத்தின் பழைய பெயரான ஹரைவா இருக்கிறது, பல்க் வட்டாரமான பாக்திரியா இருக்கிறது. குராசான் இல்லை. அந்தந்த நிலத்துக்கு அந்தந்தப் பெயர் இருந்தது. எல்லாவற்றையும் சுருட்டி 'கிழக்கு' என்று சொல்ல, மேற்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்த அரசு வேண்டும்.

அந்த நாற்காலி இஸ்லாத்துக்கு முன் பாரசீகத்தை ஆண்ட சாசானியருடையது. டைக்ரிஸ் கரையில் தேசிபோனில் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில், கவாதும் அவர் மகன் முதலாம் குஸ்ரோவும் ஆண்ட காலத்தில், பேரரசு நான்கு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டுப் பக்கத்துக்கு ஒரு படைத்தலைவர் அமர்த்தப்பட்டார். பிற்கால நூல்களில் மட்டுமே இருந்ததால் இது கற்பனையோ என்று சந்தேகித்த ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் படைத்தலைவர்களின் களிமண் முத்திரைகளே கிடைத்த பிறகு சந்தேகம் அடங்கியது. பெயர்களைப் பாருங்கள்: கிழக்கு, சூரியன் வரும் பக்கம். மேற்கு, சூரியன் மறையும் பக்கம், 'க்வர்வரான்'. தெற்கு, 'நேம்ரோஸ்', அதாவது நண்பகல். ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையில் நிம்ரூஸ் என்று ஒரு மாகாணம் இன்றும் இருக்கிறதே, அந்தப் பெயர்தான்.

வடக்குக்கு வரும்போது மட்டும் தடுமாறிவிட்டார்கள். வடக்குக்கு 'அபாக்தர்' என்று சொல் இருந்தது. ஆனால் ஜொராஸ்திரிய நம்பிக்கையில் வடக்கு தீய ஆவிகளின் திசை. அந்தப் பெயரில் ஒரு படைத்தலைவரை அமர்த்துவதா? அதனால் 'ஆதுர்பாதகான் பக்கம்' என்று ஒரு மாகாணத்தின் பெயரை வைத்துச் சமாளித்தார்கள். ஈரானின் வடமேற்கில் இன்று அசர்பைஜான் என்று வழங்கும் பகுதி அது.

மேட்டுக்காடு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நமக்கு எமன் தெற்கே, அவர்களுக்குப் பேய் வடக்கே! நடுவில் வாழ்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

குங்குமப்பூ

துபாயில் வாசனைப்பொருள் இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். குங்குமப்பூ வாங்குவதற்காக மஷ்ஹத் வியாபாரிகளோடு தினமும் பேச்சு உண்டு. ஈரானில் விளையும் குங்குமப்பூவில் பெரும்பகுதி குராசான் மாகாணங்களிலிருந்தே வருகிறது. தொர்பத் ஹைதரிய்யே, காயென் என்ற ஊர்ப்பெயர்கள் எங்கள் அலுவலகத்தில் நாமக்கல், ஈரோடு போல அடிபடும். அந்த வியாபாரிகளில் பெரியவர் ஒருவர் தன்னை ஈரானி என்று சொல்வதற்கு முன் குராசானி என்பார். ஒருநாள் எங்கள் கிடங்கில் வேலை செய்யும் ஹெராத்துக்காரர் தேநீர் கொண்டுவந்தவர், "நானும் குராசானிதான்" என்று அவரிடம் சொன்னார். பெரியவர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு ஹெராத்துக்காரர் பாரசீகத்தில் ஏதோ ஒரு கவிதை அடியைச் சொல்ல, இவர் அடுத்த அடியைச் சொல்ல, அன்று விலை பேசவே நேரமில்லாமல் போனது.

ஆகவே புறவழி சொல்வதும் முழுப் பொய் அல்ல, நிலப்படம் ஐயா சொல்வதும் சரி.

புறவழி

நடுநிலைக்கு நன்றி, ஆனால் எனக்கு ஆறுதல் வேண்டாம்; ஆதாரம் இருக்கிறது. 1809இல் காபூல் அரசவைக்குத் தூது போன ஆங்கிலேயர் எல்ஃபின்ஸ்டன், 1815இல் வெளியிட்ட நூலில், அந்த நாட்டு மக்கள் தங்கள் நாட்டை மொத்தமாகக் குறிக்கப் பெரும்பாலும் சொல்லும் பெயர் குராசான் என்று எழுதுகிறார். 1747இல் காந்தகாரில் அகமது ஷா துர்ரானி அமைத்த அரசு அது. இதற்கு என்ன பதில்?

நிலப்படம்

பதில் அதே பத்தியில் இருக்கிறது. அந்தப் பெயர் பொருந்தாது என்றும் உடனே அவரே சொல்கிறார்: ஆப்கானியர் நாடு முழுதும் குராசானுக்குள் அடங்கவில்லை, குராசானின் கணிசமான பகுதியில் ஆப்கானியர் வசிக்கவில்லை. நீங்கள் முதல் வாக்கியத்தோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள்.

ஆனாலும் உங்கள் சான்று வேறொரு வகையில் முக்கியமானது. மக்கள் அப்படிச் சொன்னார்கள் என்பது பொய்யல்ல. ஏன் சொன்னார்கள் என்பதற்குப் பாபர் துணைக்கு வருகிறார். தன் நினைவுக் குறிப்பில் காபூலை வர்ணிக்கும் இடத்தில், அரபியர் தம் நாட்டுக்கு வெளியே உள்ளதையெல்லாம் அஜம் என்பதுபோல, இந்துஸ்தானத்தார் தம் நாட்டுக்கு வெளியே உள்ளதையெல்லாம் குராசான் என்கிறார்கள் என்று எழுதுகிறார். குருநானக், பாபரின் படையெடுப்பைப் பாடும்போது, குராசானைக் காத்துக்கொண்டு இந்துஸ்தானை நடுங்கவைத்தாய் என்று இறைவனிடம் முறையிடுகிறார். அங்கே குராசான் என்பது மாகாணம் அல்ல. கணவாய்க்கு அப்புறம் உள்ள எல்லாம்.

வேடிக்கையைப் பாருங்கள். தேசிபோனில் நின்றவனுக்குக் கிழக்கே இருந்தது. தில்லியில் நின்றவனுக்கு அதே நிலம் மேற்கே. 'சூரியன் வரும் நாடு' என்ற பெயரைச் சூரியன் மறையும் பக்கம் கைகாட்டிச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவருக்கும் உறுத்தவில்லை.

சொல்வேர்

ஐயா, திசைச்சொல் இப்படித்தான் ஏமாற்றும். நமக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. தமிழில் கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்து, மேற்கு என்பது மேல் என்பதிலிருந்து வந்தது. மலை மேற்கே, கடல் கிழக்கே இருக்கும் நிலத்தில் இது பொருந்தும். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனாலும் மலையாளத்தில் கிழக்கு கிழக்குதான். மேற்கை மட்டும் 'படிஞ்ஞாறு' என்று, ஞாயிறு படும் திசையாக மாற்றிக்கொண்டார்கள். கால்டுவெல் இதை வைத்தே அந்தச் சொல் மலையின் இந்தப்புறத்தில் பிறந்தது என்று வாதிட்டார்.

பாரசீகத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது. மேலே சொன்ன சாசானியத் திசைப் பெயர்களில் 'க்வர்வரான்' மேற்கு என்றேன் அல்லவா? அது தேய்ந்து 'காவர்' ஆனது. வடக்கைக் குறித்த 'அபாக்தர்' தேய்ந்து 'பாக்தர்' ஆனது. இன்றைய பாரசீகத்தில் காவர் என்றால் கிழக்கு! பாக்தர் என்றால் மேற்கு! மத்திய கிழக்கை அவர்கள் 'காவரே மியானே' என்கிறார்கள். பழைய பொருளில் அது மத்திய மேற்கு. இடைப்பட்ட காலக் கவிதைகளில் இரண்டும் இரண்டு திசைக்கும் மாறி மாறி வருகின்றன; உரையாசிரியர் பாடு பரிதாபம். பாக்திரியாவின் பெயரும் பாக்தர் என்று ஒலிப்பது கூடுதல் தொல்லை. ஈரானில் மேற்குக் கோடியில் உள்ள கெர்மான்ஷாவுக்குப் புரட்சிக்குப் பிறகு சில ஆண்டுகள் பாக்தரான் என்று பெயர் வைத்திருந்தார்கள். காபூலில் அரசுச் செய்தி நிறுவனத்தின் பெயரும் பாக்தர். அங்கே அது பாக்திரியா, இங்கே மேற்கு.

அர்த்தம் தலைகீழாகாமல் தப்பித்த திசைச்சொல் என்று பார்த்தால் குராசான்தான். ஊர்ப்பெயராகிவிட்டதால் தப்பித்தது என்பது என் எண்ணம்.

நிலப்படம்

பாக்தாதை மறந்துவிட்டோம். 747இல் அபூ முஸ்லிம் மெர்வ் வட்டாரத்தில் கறுப்புக் கொடி ஏற்றினார். மூன்றே ஆண்டில் உமையாக்கள் ஒழிந்து அப்பாசியக் கலீஃபாக்கள் வந்தார்கள். 762இல் பாக்தாதைக் கட்டியபோது வட்ட நகரின் நான்கு வாயில்களில் ஒன்றுக்குக் குராசான் வாயில் என்று பெயர். அந்த ஊரில் 'குராசான் மக்கள்' என்றால் புரட்சியைக் கொண்டுவந்த படையினர். அவர்களில் தலைமுறைகளுக்கு முன் குராசானில் குடியேறிய அரபியரும் இருந்தார்கள். ஆக அங்கே அது இனப்பெயரும் அல்ல, கட்சிப்பெயர் போல!

அந்தக் கறுப்புக் கொடி நினைவைத்தான் இன்றைய ஆயுதக் குழுக்கள் தோண்டி எடுக்கின்றன. 2015இல் ஐஎஸ் அமைப்பு தன் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் கிளைக்குக் குராசான் மாகாணம் என்று பெயரிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கா குண்டு வீசிய 'குராசான் குழு' இருந்தது சிரியாவில்!

புறவழி

இதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பெயரை இப்போது வைத்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்று பார்த்தால், அமெரிக்கா, ரஷ்யா, பாகிஸ்தான் எல்லோரும்...

நெறியாளர்

நடப்பு அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. புறவழியின் பதிவில் மீதிப் பகுதி அங்கே மாற்றப்பட்டுள்ளது. பெயரைப் பற்றித் தொடருங்கள்.

மேட்டுக்காடு

நான் கிருஷ்ணகிரிப் பக்கம். எங்கள் மேட்டு நிலத்தில் பேயெள் விதைப்போம். மஞ்சள் பூ, கறுப்பு விதை. கன்னடத்தில் ஹுச்செள்ளு. மராட்டியத்தில் அதற்கு 'குராசணி' என்று பெயர் என்பது, எண்ணெய்ச் செக்குக்கு வரும் வியாபாரி ஒருவர் சொல்லித் தெரியும். இந்த இழையைப் பார்த்ததும் அது குராசானிலிருந்து வந்த பயிர் என்று பெருமைப்பட்டேன். தேடினால் அதன் தாயகம் எத்தியோப்பியா! பாபர் சொன்னது சரிதான் போலிருக்கிறது. வெளியிலிருந்து வந்ததா, குராசான் முத்திரை குத்து.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? சீமைக்கருவேலம், சீமை ஓடு, சீமைப் பசு. எந்தச் சீமை என்று யாராவது கேட்டோமா? கருவேலம் அமெரிக்கக் கண்டத்தது, பசு ஐரோப்பாவினது.

சொல்வேர்

மேட்டுக்காடு, உங்களுக்கு ஒரு கும்பிடு. சீமைதான் சரியான ஒப்பு. வடமொழி 'சீமா' என்றால் எல்லை. தமிழில் அது எல்லைக்கு உட்பட்ட நாடு ஆயிற்று. சிவகங்கைச் சீமை என்கிறோம். கப்பல் வந்த பிறகு எல்லைக்கு அப்பால் உள்ள நாடு ஆயிற்று, சீமைத்துரை வந்தார். உள்ளே, வெளியே இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. குராசானுக்கும் இதே கதிதான். மஷ்ஹத் வியாபாரிக்கு அது சொந்த ஊர். தில்லிச் சந்தைக்கு அது வெளியூர்.

ஆனால் குரோசாணி ஓமத்தை அந்தக் கணக்கில் முழுதாகச் சேர்த்துவிட முடியாது. வடமொழி வைத்திய நூல்களிலும் அதற்குப் 'பாரசீக யவானி' என்று பெயர் உண்டு. யவானி என்றால் ஓமம். அதன் ஊர்த்தொடர்பு வெறும் முத்திரை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு எச்சரிக்கை: பெயரில்தான் ஓமம். கத்தரி, ஊமத்தைக் குடும்பத்துச் செடி, நச்சுத்தன்மை உள்ளது. வயிற்று உப்புசத்துக்கு ஓமத்தண்ணீர் போடுவதுபோல இதை யாரும் போட்டுவிட வேண்டாம்.

குங்குமப்பூ

எங்கள் கடை வரிசையில் 'குராசான் கோதுமை' என்றும் ஒன்று விற்கிறது, ஆரோக்கிய உணவு என்று மூன்று மடங்கு விலை. பையைத் திருப்பிப் பார்த்தேன். விளைந்த இடம் அமெரிக்காவின் மொன்டானா. தாவரவியல் பெயரில் 'தூரானிகம்' என்று இருக்கிறது. பழைய பாரசீகக் கதைகளில் தூரான் என்பது ஈரானின் பகை நாடு. மஷ்ஹத் பெரியவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "ஃபிர்தௌசி பார்த்தால் அழுவார்" என்று பதில் வந்தது.

கடைத்திண்ணை

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்விக்கு இவ்வளவு பெரிய சந்தை கூடும் என்று நினைக்கவில்லை. இழையை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கடையிலேயே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். சீமை பற்றிய பகுதியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

பிறகு நாங்கள் இருவரும் பரணிலிருந்து சரக்கு வந்த சாக்கை இறக்கிப் பார்த்தோம். சாக்கில் இந்தியில் 'குராசானி அஜ்வைன்' என்று இருந்தது. தில்லி காரி பாவ்லியில் உள்ள மொத்தக் கடையின் சீட்டு உள்ளே கிடந்தது. தொலைபேசியில் அழைத்து, சரக்கு ஈரானிலிருந்து வருகிறதா என்று கேட்டேன். இல்லை, காஷ்மீர்ச் சரக்கு என்றார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். டப்பாவைத் துடைத்து, பழைய சீட்டு உரியும் நிலையில் இருந்ததால் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினார். 'குரோசாணி ஓமம்' என்றேதான் எழுதினார். கீழே சிறிய எழுத்தில், 'விஷச் சரக்கு, கேட்டுக் கொடுக்கவும்' என்று சேர்த்திருக்கிறார்.